வகுத்தால் மீதி மூன்று

பிரிவு மாற்றம் கேட்டு அவள் போட்ட விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோதும் அதே வரிதான் இருந்தது: 'தங்கள் இயல்புக்கு டெஸ்டிங் பிரிவே பொருத்தமானது.' முதல் முறை வந்தபோது அழுதாள். இரண்டாவது முறை சிரித்துக்கொண்டாள். இந்த முறை, "என் இயல்பு எனக்குத் தெரியாது, இவங்களுக்குத் தெரியுமாம்" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசை அக்கா திரும்பிப் பார்த்து, வழக்கம்போல ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அவள் கேட்டது ஒன்றும் வானத்து நிலாவை அல்ல. அந்த மென்பொருள் கம்பெனியில் நாலு பிரிவு. கண்ணுக்குத் தெரியும் திரையைச் செய்பவர்கள் ஃப்ரண்ட்எண்ட். திரைக்குப் பின்னால் சர்வரில் கணக்கை ஓட்டுபவர்கள் பேக்எண்ட். தகவல்களை அடுக்கிவைத்துக் காப்பவர்கள் டேட்டாபேஸ். இந்த மூன்று கூட்டமும் செய்துவைத்ததில் எங்கே ஓட்டை என்று தேடுபவர்கள் டெஸ்டிங். அவளுக்கு மனசெல்லாம் பேக்எண்டில். ஒரு பட்டனை அழுத்தினால் உள்ளே எது எதை எழுப்புகிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு கிறுக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அதையே படித்தாள். மளிகைப் பட்டியலுக்குக்கூடச் சொந்தமாக ஒரு சர்வர் எழுதி ஓட்டினாள். பேக்எண்ட் ஆட்கள் சிக்கிக்கொண்டால் அவள் மேசைக்கு வந்து நைசாகக் கேட்பார்கள். கேட்டதைக் கொண்டுபோய்த் தங்கள் பெயரில் போட்டுக்கொள்வார்கள். உதவி வாங்கும்போது மட்டும் யாருக்கும் அவள் இயல்பு நினைவுக்கு வந்ததில்லை.

குறுக்கே நின்றது ஒரு காகிதம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எல்லோருக்கும் பொருத்தம் பார்க்கும் பரீட்சை உண்டு. கணினி முன் உட்கார்ந்து, ஊழியர் எண்ணைப் போட்டு, அறுபது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கலைந்து கிடக்கும் மேசையைப் பார்த்தால் எரிச்சல் வருமா, கூட்டத்தில் முதலில் பேசுவீர்களா, தொலைந்த பொருளை எவ்வளவு நேரம் தேடுவீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். முடிவில் எந்தப் பிரிவு என்பதோடு ஒரு பக்க அறிக்கையும் அச்சாகி, ஒட்டிய உறையில் வரும். அவளுடையதில் இப்படி இருந்தது: 'நீங்கள் பொறுமைசாலி. யாரோடும் மோதாதவர். பிறர் கண்ணுக்குத் தப்பும் குறை உங்கள் கண்ணுக்குத் தப்பாது. புதிதாகப் படைப்பதைவிட, படைத்ததைச் சரிபார்ப்பதில் நிறைவு காண்பவர்.'

அதை அன்றைக்கே வீட்டில் காட்டியது அவள் செய்த தப்பு. வீட்டுக்காரர் கட்டட வரைபடம் போடுகிறவர், நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு கிண்டல் கிடைத்தால் லேசில் விடமாட்டார். சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்று அவள் சொன்னால் போதும், உங்களுக்கென்ன, சர்டிபிகேட் வாங்கிய நாக்கு என்பார். அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள். ஆறேழு வருடம் ஒரே பாட்டைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அவளுக்கும் வந்தது. ஒருவேளை நாம் அப்படித்தானோ, பேக்எண்ட் ஆசையெல்லாம் வெறும் வீம்போ என்று தன்னையே குடைந்துகொண்ட நாள்கள் உண்டு.

பரீட்சையைக் கொண்டுவந்தவர் துறைத்தலைவர். முதுகுக்குப் பின்னால் அவரை 'ஜோசியர்' என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சாதாரண புரோகிராமராக இருந்தபோது அதற்கான புரோகிராமை எழுதினார். அதை வைத்தே மளமளவென்று மேலே வந்தார். ஒவ்வொருவரும் ஒரு சாவி, எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்துகொள்வதுதான் வாழ்க்கை என்று மேடை மேடையாகப் பேசுவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

இப்போது விஷயம் கழுத்தைப் பிடிக்கும் இடத்துக்கு வந்திருந்தது. ஏழு வருடம் முடிந்தவர்கள் பிரிவு மாற முடியாது என்பது அங்கே விதி. இந்த மாதக் கடைசியோடு அவளுக்கு ஏழு முடிகிறது. அதற்குமேல் அந்தக் கட்டடத்தில் இருக்கிற வரைக்கும் அவள் டெஸ்டர்தான்.

அதே மாதத்தில்தான் பரீட்சையை வெளியே விற்க முடிவானது. வாங்குவது ஒரு பெரிய கல்லூரிக் குழுமம். கணினி படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டாம் ஆண்டில் தங்கள் மாணவர் எண்ணைப் போட்டு இதை எழுதி, இது சொல்லும் பிரிவைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. திரைக்குப் புதுச் சாயம் பூசினார்கள். கேள்விகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் போட்டார்கள். விற்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டெஸ்டர்கள் எதையும் ஒழுங்காகப் பயன்படுத்த மாட்டார்கள். கோணலாகப் பயன்படுத்துவதுதான் அவர்கள் வேலை. தன் எண்ணைப் போட்டாள், 2747. அறுபது கேள்விக்கும் 'ஆம்' என்று அழுத்தினாள். டெஸ்டிங் என்று வந்தது. சரி, நம் விதி விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து அறுபதுக்கும் 'இல்லை' என்று போட்டாள். டெஸ்டிங். பொறுமைசாலி, குறை தப்பாது, அதே பாட்டு. மூன்றாவது முறை ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் கடைசிப் பட்டனை அழுத்தினாள். டெஸ்டிங்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அக்காவின் எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டாள். 1115. டெஸ்டிங், ஒரு எழுத்து மாறாமல் அதே அறிக்கை. அவளோடு ஒரே நாளில் சேர்ந்த தாடிக்காரர் ஒருவர் ஃப்ரண்ட்எண்டில் இருந்தார். தனக்கு இயல்பிலேயே கலைமனம் என்று அறிக்கை சொல்லியிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அதற்காகவே தாடி வளர்த்தவர். அவர் எண் 2748. பதில் எதையும் போடாமல் அழுத்தினாள். ஃப்ரண்ட்எண்ட், கலைமனம்.

சிரிப்பு நின்றுவிட்டது. புரோகிராமைத் திறந்து உள்ளே போனாள்.

ஒன்பது வருடம் யாரும் தொடாத புரோகிராம் அது. அறுபது பதில்களும் வந்து ஒரு இடத்தில் சேர்கின்றன; சேர்ந்த இடத்தோடு சரி, அதைப் படிக்கும் ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. அதற்குக் கீழே, ஊழியர் எண்ணை நாலால் வகுத்து மீதியை எடுக்கும் ஒரே ஒரு வரி. மீதி பூஜ்யம் என்றால் ஃப்ரண்ட்எண்ட், ஒன்று என்றால் பேக்எண்ட், இரண்டு டேட்டாபேஸ், மூன்று டெஸ்டிங். நாலு பிரிவுக்கும் நாலு அறிக்கை, முன்கூட்டியே எழுதிவைத்தது. அந்த வரிக்கு மேலே எழுதியவர் தனக்குத் தானே ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: 'தற்காலிக ஏற்பாடு. மதிப்பெண் முறை தயாரானதும் மாற்ற வேண்டும்.' கீழே துறைத்தலைவரின் பெயர்.

புரோகிராமர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு பொய் விடையைத் தற்காலிகமாக வைப்பார்கள், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளை வரவே இல்லை. அதற்குள் அந்தப் பொய் விடைக்கு மாலை போட்டு மேடையேற்றிவிட்டார்கள். அங்கே இப்போது இருக்கும் எண்ணூறு பேரின் பிழைப்பை நாலாம் வாய்ப்பாடு பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறது.

அவளுக்குக் காது சுட்டது. வேலையில் சேர்ந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. வரிசையில் நின்றவள், படிவத்தில் போட்டோ ஒட்டாததைப் பார்த்துப் பசை தேடிக்கொண்டு போனாள். வருவதற்குள் இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். வரிசைப்படிதான் எண் கொடுத்தார்கள். பசை டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருந்திருந்தால் அவள் எண் 2745, மீதி ஒன்று, பேக்எண்ட். அழுததும், தன்னையே சந்தேகப்பட்டதும், வீட்டில் கேலி கேட்டதும் ஒரு பசை டப்பாவுக்காகவா? கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. கண்டுபிடித்த குறைகளை 'பக்' என்று பதிவுசெய்யும் பட்டியலைத் திறந்து, நடந்ததை வரி வரியாக எழுதி, சிவப்பு அடையாளம் போட்டாள். சிவப்பு போட்ட பக் ஒன்று திறந்திருந்தால் அந்தச் சரக்கு வாசலைத் தாண்டாது. வாங்குகிற கல்லூரியும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்.

பத்து நிமிடத்தில் துறைத்தலைவரின் அறைக்கு அழைப்பு வந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவரோ நாற்காலியைக் காட்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த வரியைத் தான் மறந்தே போய்விட்டதாகச் சொன்னார். மதிப்பெண் முறை என்று ஒன்றைச் செய்ய அப்போது யாருக்கும் நேரமில்லை, பிறகு யாரும் கேட்கவில்லை என்றார். அதில் வெட்கமோ வருத்தமோ இல்லை. பழைய சட்டைப் பையில் ஏதோ சீட்டு அகப்பட்ட தோரணைதான் இருந்தது. அப்புறம் முன்னால் சாய்ந்து, ஆனாலும் பாருங்கள், நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் அறிக்கை தங்களுக்கு அப்படியே பொருந்துகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்றார்.

"பொருந்தலன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேனே சார், அது எந்தக் கணக்குல வந்துது?" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். "ஒன்பது வருஷமா யார் கண்ணுலயும் படாதத நீதானம்மா கண்டுபிடிச்ச? அப்ப ரிப்போர்ட் சரியாத்தானே சொல்லியிருக்கு?"

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. ஏழு வருடம் ஒருத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டு, நீச்சல் உனக்கு நன்றாக வருகிறதே என்று பாராட்டுகிற மனுஷரிடம் என்ன பேசுவது? கேள்விக்கு மதிப்பெண் போடும் முறையைச் செய்து முடித்த பிறகுதான் விற்க வேண்டும் என்று சொன்னாள். அதற்கு ஒரு வருடமாவது ஆகும், மாதக் கடைசியில் கையெழுத்து என்று அவர் சொன்னார். கல்லூரிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே என்றாள். எந்தப் பிரிவில் போட்டாலும் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள் என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

பேக்எண்டுக்கு மாற்றும் உத்தரவு. அவள் பெயர், எண், நாளைக்கே சேரலாம் என்ற வரி, கீழே அவர் கையெழுத்து, எல்லாம் இருந்தது. அவள் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அந்த பக்கை மூட வேண்டும், அதாவது குறை தீர்ந்துவிட்டது என்று அடையாளம் போட வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்ல அவசியம் இல்லை. எழுப்பியவர்தான் பக்கை மூடலாம், வேறு யார் கையும் படக் கூடாது என்பது அவரே கொண்டுவந்த விதி. எழுப்பியவர் பிரிவு மாறினால், அவர் பெயரில் உள்ளதெல்லாம் அடுத்த மூத்த டெஸ்டருக்குப் போகும். அடுத்த மூத்த டெஸ்டர் பக்கத்து மேசை அக்கா.

"அவங்களப் பத்தி உனக்கே தெரியும்" என்றார் துறைத்தலைவர். தாளை எடுத்துக்கொண்டு போய் யோசிக்கச் சொன்னார்.

தெரியும்தான். அக்கா யாரிடமும் மல்லுக்கு நின்று அவள் பார்த்ததில்லை. என் கணினியில் சரியாகத்தான் ஓடுகிறது என்று எவனாவது வந்து நின்றால், சரிப்பா என்று மூடிக் கொடுத்துவிடுவார். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டார். அவள் விண்ணப்பம் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும், நமக்கு இதுதான் வருமோ என்னவோ என்று ஆறுதல் சொன்னவர். அவர் பெயருக்குப் போனால் ஒரு மணி நேரம் தாங்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நாலால் வகுத்த கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருடம் தானும் சேர்ந்து அந்தக் காகிதத்தை வைத்து அவளைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடு, ஊருக்கு உழைக்க நீ ஒருத்திதானா என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நான் போய் உக்காந்த மறுநாள் அத மூடிடுவாங்க. அப்புறம் ஏதோ ஒரு பொண்ணு, தனக்கு வராதுன்னு நெனச்சுக்கிட்டே காலம் பூரா உக்காந்திருப்பா" என்றாள். "அவளுக்கு அந்தக் காகிதத்தக் குடுத்தது யாரு? நான்தானே?"

அவர் மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தார். அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. கேட்டது கிடைக்காதபோது கோபப்படுவது ஒரு மாதிரி. கேட்டதைக் கையில் கொடுத்து, அதை வாங்கவும் முடியாதபடி செய்பவன்மேல் வருகிற கோபம் வேறு மாதிரி. மறுநாள் அலுவலகம் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனாள்.

மேசையில் உட்கார்ந்து, மாற்றம் வேண்டாம் என்று துறைத்தலைவருக்கு நாலு வரி எழுதினாள். அனுப்புவதற்கு முன் அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சிவப்பு பக்கை நேற்றே படித்துவிட்டதாகச் சொன்னார். திரையில் இருந்த நாலு வரியையும் படித்தார்.

"கெடச்சத ஏன் வேணாங்கற?"

அவள் ஏதேதோ சொன்னாள். நேரம் சரியில்லை, பேக்எண்டில் ஆட்கள் ஒரு மாதிரி, இப்படி. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் மூடிடுவேன்னு நெனச்சுட்ட" என்றார் அக்கா.

இல்லை என்று சொல்ல நினைத்தாள். பொய் நாக்கில் நிற்கவில்லை. ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அவளும் ஒரு பக்க அறிக்கை எழுதி ஒட்டிவைத்திருந்தாள். அந்த ஜோசியர்மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது அவள்மேலேயே திரும்பியது.

அக்கா கோபப்படவில்லை. கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர் தான் என்று சொன்னார். அவளுக்கு அது இதுவரை தெரியாது. டேட்டாபேஸ் வேலைக்கென்று ஆசைப்பட்டு வந்தவர். பரீட்சை எழுதிய முதல் கூட்டத்தில் ஒருவர். அறிக்கையைப் படித்து, விஞ்ஞானம் சொல்கிறது, நமக்கென்ன தெரியும் என்று எடுத்து வந்த புத்தகங்களையெல்லாம் தங்கையிடம் கொடுத்துவிட்டாராம்.

"நேத்து வீட்டுக்குப் போய் நாலு தடவ வகுத்துப் பாத்தேன்" என்றார். "நீயாவது மூணு தடவ கேட்ட. நான் ஒரு தடவகூடக் கேக்கல. அந்தக் காகிதத்த நம்பிட்டேன்."

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையை விடுவித்துக்கொண்டு, உத்தரவுத் தாளையும் ஒரு பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு. அத என் பேருக்கு அனுப்பிட்டு நீ போ."

அவள் நாலு வரியை அழித்தாள். கையெழுத்துப் போட்டாள். மதியத்துக்குள் அவள் பெயரில் இருந்தவை எல்லாம் அக்காவின் பட்டியலுக்கு மாறின. தன் பொருள்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, கூடத்தின் மறுபக்கம் பேக்எண்ட் வரிசையில் ஒரு காலி மேசைக்குப் போனாள். உட்கார்ந்தாளே தவிர ஒரு வரி ஓடவில்லை. கண்ணெல்லாம் அக்காவின் மேசையில்தான் இருந்தது. இதற்குள் சிவப்பு பக் ஊரெல்லாம் பரவியிருந்தது. கூடத்தில் ஆளுக்கு ஆள் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் மட்டும் திரையைப் பார்த்தபடி ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

மூன்று மணிக்குத் துறைத்தலைவர் வந்தார். நேராக அக்காவின் மேசைக்குப் போய், தோளுக்குப் பின்னால் நின்று, புன்னகையோடு அந்த ஒரு பக்கை மட்டும் மூடிவிடச் சொன்னார்.

"மூட மாட்டேன் சார்."

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, திரும்பச் சொன்னார். அக்காவும் திரும்பச் சொன்னார். கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. துறைத்தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மேடையில் பேசுகிற அந்தக் கனிவை எடுத்தார்.

"என்னம்மா இது. உங்க ரிப்போர்ட் எனக்கு மனப்பாடம். பொறுமைசாலி, யாரோடயும் மோதாதவங்க..."

அக்கா நாற்காலியைத் திருப்பி, அன்றுதான் முதல் முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"அது மீதி மூணு சார். நான் இல்ல."